மண்ணினால் ஆன குளிர்ப்பெட்டி

டில்லியில் மே மாதம் பிறந்ததும் மேற்கிலிருந்து ‘லூ’ எனப்படும் அனற்காற்று வீசத் தொடங்குகிறது. நண்பகலில் நிழலிலேயே உஷ்ணநிலை சென்டிகிரேட் அளவில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. காலையில் சந்தைக்கு வந்த கீரை மாலைக்குள் வாடித் தலை சாய்கிறது. விற்காமல் எஞ்சிய தக்காளியைச் சிறு வியாபாரி வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீடு திரும்புகிறார். ஆனால், அதே தெருவோரத்தில் வைத்திருக்கும் மண் கூஜாவில் உள்ள நீர் மட்டும் நாவுக்கு இதமாகக் குளிர்ந்திருக்கிறது. கீரையை வாட்டும் வறண்ட காற்றே கூஜா நீரைக் குளிர்விக்கவும் செய்கிறது என்பது சிந்தித்தற்குரிய செய்தியாகும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, மின்சாரம் இன்றியே காய்கறிகளைக் காக்கும் சாதனங்கள் இரண்டு நம் நாட்டில் உருவாகியுள்ளன. அவற்றுள் ஒன்று டில்லியில், பூசாவில் அமைந்துள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் வகுத்தது. மற்றொன்று குஜராத் மாநிலத்தில் வாங்கானேர் என்னும் சிறு நகரில் குயத்தொழில் செய்யும் ஒருவர் தம் அனுபவ அறிவினால் வடித்தெடுத்தது. இவ்விரண்டும் இயங்கும் தத்துவத்தையும், அவற்றின் பயனையும், அப்பயனுக்கு உள்ள எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லையை அறியாமல் ஒரு சாதனத்தைப் பரிந்துரை செய்தால், அதை வாங்கிய ஏழைக் குடும்பத்தின் பணம் வீணாகும். நல்ல சாதனத்துக்கும் அந்த ஊரில் கெட்ட பெயர் நிலைத்துவிடும்.

மண்பானை நீர் குளிர்வது ஏன்?

நீர் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் தேவை. அடுப்பின் மேல் வைத்த நீர் அவ்வெப்பத்தை நெருப்பிலிருந்து பெறுகிறது. அடுப்பு இல்லாத இடத்தில், ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னை அடுத்துள்ள பொருள்களிடமிருந்தே கவர்ந்து கொள்கிறது. வியர்த்த உடலில் காற்றுப் பட்டவுடன் குளிர்ச்சி தோன்றுவதும் இதனாலேயே.

சாதாரணக் கோடை உஷ்ணத்தில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரின் உஷ்ணநிலை ஒரு டிகிரி குறைய அதிலிருந்து நீங்க வேண்டிய வெப்பம் ஒரு கலோரியே. எனவே, ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 58 கிராம் நீரைப் பத்து டிகிரி குளிர்விக்கப் போதுமான வெப்பம் கவரப்படுகிறது. காய்கறிகளின் எடையில் பெரும்பகுதி நீரேயாதலால் கணக்கு அவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும். பத்துக் கிலோகிராம் காய்கறியைப் பன்னிரண்டு டிகிரி குளிரச் செய்ய 200 கிராம் நீர் ஆவியானால் போதும். ஆயினும் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் இடைவிடாது உள்ளே வந்துகொண்டிருப்பதால், நாள் முழுவதும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

உலோகப் பாத்திரத்தில் நீர் மேற்பரப்பிலிருந்து மட்டுமே ஆவியாகிறது. சுட்ட மண்ணிலோ கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. நீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து பானையின் வெளிப்புறம் முழுவதையும் நனைக்கிறது. அதனால் ஆவியாகும் பரப்புப் பன்மடங்கு விரிகிறது. பானைக்கு மெருகு பூசினாலோ வண்ணம் தீட்டினாலோ இத்துளைகள் அடைபட்டுவிடும். பானை அழகாக இருக்கும், நீர் குளிராது.

பூசாவில் அமைத்த செங்கல் அறை

பூசா நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளான சுசாந்த கே. ராய், டி. எஸ். குர்தியா ஆகியோர் 1980-களில் இத்தத்துவத்தைச் சேமிப்பு அறைக்குப் பயன்படுத்தினர். அவர்கள் அமைத்த சாதனம் ‘எரிசக்தி வேண்டாக் குளிர் அறை’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. அதன் அமைப்பு மிக எளியது.

நிழலும் காற்றோட்டமும் உள்ள மேட்டு நிலத்தில் 165 சென்டிமீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள செங்கல் தளம் போடப்படுகிறது. அதன் மீது 67.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரட்டைச் சுவர் எழுப்பப்படுகிறது. இரு சுவர்களுக்கும் இடையில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணல் நிரப்பப்படுகிறது. செங்கல்லையும் மணலையும் நீரால் நன்கு நனைத்துவிட்டு, பிறகு காலையும் மாலையும் நீர் தெளித்து வந்தால் போதும். மூங்கில் சட்டத்தில் வைக்கோல் வேய்ந்து மூடி செய்து கொள்ளலாம். அறையின் மேல் ஒரு கூரைப் பந்தலும் அவசியம். இத்தகைய அறையில் ஏறத்தாழ 100 கிலோகிராம் காய்கறியோ பழமோ வைக்கலாம். கொத்து வேலை அறிந்த ஒருவர் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே இதனைக் கட்டிவிட முடியும்.

இவ்வறையில் நன்மை இரு வகையில் விளைகிறது. முதலாவது, உஷ்ணநிலை குறைகிறது. பறித்த பின்னும் காய்கறிகள் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. பத்து டிகிரி குறைந்தால் அச்சுவாச வேகம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிறது. பொருள் முதிர்வதும் அழுகுவதும் தாமதமாகின்றன. இரண்டாவது, அறையினுள் காற்றின் ஈரப்பதம் 90 சதவீத அளவுக்கு உயர்கிறது. வறண்ட காற்றில் கீரை தன் நீரை விரைவில் இழக்கிறது. எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே அது வாடித் தோன்றும். வாங்குவோர் விலகிச் செல்வர். ஈரமான காற்றில் இவ்விழப்பு மிகக் குறைவு.

பூசா அறை தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஏற்றது. ஆனால் ஒரே அறையுள்ள வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. சமையலறை மூலையில் வைக்கத்தக்க ஒரு சாதனம் தேவையாக இருந்தது. அத்தேவையை நிறைவேற்றியவர் ஆராய்ச்சிக் கூடத்தில் பயிலாத ஒரு தொழிலாளி.

வாங்கானேர் குயவரின் பெட்டி

திரு. மன்சுக்பாய் பிரஜாபதி குயவர் மரபில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். தேநீர் விற்றும், ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தும் வாழ்க்கை நடத்தினார். ஓட்டுத் தொழிற்சாலையில் பெற்ற அனுபவமே அவருக்கு முதல் யோசனையை அளித்தது. வட இந்தியாவில் ரொட்டி சுடுவதற்கு மண்ணாலான தட்டைக் கல்லைப் பயன்படுத்துவது வழக்கம். குயவர்கள் அதை ஒவ்வொன்றாகக் கையினால் செய்து வந்தனர். கூரை ஓட்டை அழுத்தி வார்க்கும் கைப்பொறியை மாற்றி அமைத்தால் ரொட்டிக்கல்லையும் விரைவாகச் செய்யலாமே என்று அவர் எண்ணினார். வேலையை விட்டு, கடன் வாங்கி, 1988-ஆம் ஆண்டில் சொந்தத் தொழில் தொடங்கினார். கையினால் செய்வதைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஒரே அளவான கற்கள் வெளிவந்தன. பின்னர் மண்ணாலான நீர் வடிகட்டியையும், உணவு ஒட்டாத பூச்சுள்ள மண் ரொட்டிக்கல்லையும் செய்தார்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிகழ்ந்த பெரும் பூகம்பம் குஜராத்தைக் குலுக்கியது. அதைப் பற்றிய செய்திகளுக்கிடையே, உடைந்து கிடந்த மண்பானை ஒன்றின் படத்தை ஒரு நாளிதழ் வெளியிட்டு, அதனை ஏழையின் குளிர்ப்பெட்டி என வருணித்திருந்தது. அவ்வருணனை மன்சுக்பாயின் கருத்தில் பதிந்தது. பானை நீரைக் குளிர்விக்குமானால், காய்கறியையும் பாலையும் வைக்கத்தக்க ஒரு மண்பெட்டி ஏன் கூடாது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது.

கேள்வி எளிது, விடை காண்பது எளிதாக இல்லை. பானை உருண்டை வடிவினது. சுடும்போது வெப்பம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவுவதால் அது எளிதில் வெடிப்பதில்லை. பெட்டிக்கோ தட்டையான பக்கங்களும் மூலைகளும் வேண்டும். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால் அம்மூலைகளில் பிளவு காணும். சூளையின் சூடு குறைந்தால் பெட்டிக்கு உறுதி இராது. சூடு மிகுந்தால் நுண்துளைகள் இறுகி அடைபட்டு, குளிர்ச்சி குன்றும். இவ்விரு குறைகளுக்கும் இடைப்பட்ட நிலையைக் காண, பல வகை மண்ணைக் கலந்தும் சுட்டும் பார்த்து அவர் சில ஆண்டுகளைச் செலவிட்டார். அகமதாபாதைச் சேர்ந்த ‘கியான்’ என்னும் அமைப்பும், தேசியப் புத்தாக்க நிறுவனமும் அவருக்கு உதவின.

இவ்வாறு உருவான பெட்டிக்கு ‘மிட்டிகூல்’ என்று பெயர். ‘மிட்டி’ என்பது மண்ணைக் குறிக்கும் இந்திச் சொல். பெட்டியின் மேற்பகுதி நீர்த் தொட்டி. அதன் வழக்கமான மாதிரி ஒன்றில் ஏறத்தாழ 20 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீர் பக்கச் சுவர்களில் மெல்ல இறங்கிப் பரவி, வெளிக்காற்றில் ஆவியாகிறது. அதனால் சுவர்களும், அவற்றுக்குள் அமைந்த தட்டுகளும் குளிர்கின்றன. கதவுள்ள கீழ்ப்பகுதியில் காய்கறி, பழம், பால் முதலியவை வைக்கப்படுகின்றன. மேல் தொட்டியின் நீரைக் குழாய் வழியே பிடித்துப் பருகலாம். இதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. பழுதாகும் யந்திரமும் இல்லை. 2009-ஆம் ஆண்டில் அப்போதைய குடியரசுத் தலைவர் திருமதி பிரதிபா பாட்டீல் அவர்கள் மன்சுக்பாய்க்குத் தேசிய விருது வழங்கினார்.

வேறொரு நாட்டிலும் இதே எண்ணம் ஒருவருக்குத் தோன்றியது. வட நைஜீரியாவில் பானை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் முகம்மது பா அப்பா, பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையே ஈர மணலை நிரப்பினார். மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் வரை இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் பரிசு கிடைத்தது. நம் ஊர்க் குயவர் எவரும் இத்தகைய இரட்டைப் பானையைச் செய்து தர இயலும்.

எங்கே பயன்படும், எங்கே பயன்படாது?

களப்பணியாளர் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. நீர் எவ்வளவு விரைவில் ஆவியாகும் என்பது காற்றின் வறட்சியைப் பொறுத்தது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், கசிந்த நீர் சுவரிலேயே தங்கிவிடும்.

இதனை எண்களால் காண்போம். உஷ்ணநிலை 40 டிகிரியும் ஈரப்பதம் 20 சதவீதமும் உள்ள மே மாத நண்பகலில், ஆவியாதலால் ஒரு பொருளை ஏறத்தாழ 22 அல்லது 23 டிகிரி வரை குளிர்விக்கலாம். இதற்குக் கீழே எந்த மண்பெட்டியும் செல்லாது. நடைமுறையில் அது இந்த எல்லைக்குச் சில டிகிரி மேலேயே நின்றுவிடும். அப்படியாயினும் வெளியே 40, உள்ளே 26 அல்லது 27 என்பது பெரும் வேறுபாடாகும். இனி, 34 டிகிரி உஷ்ணமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஆகஸ்டு மாத நாளை எடுத்துக்கொள்வோம். அப்போது கீழ் எல்லை ஏறத்தாழ 30 டிகிரி. பெட்டி எவ்வளவு சிறந்ததாயினும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குளிர்ச்சி தராது. ஒரே டில்லி நகரில், ஒரே பெட்டி மே மாதத்தில் பாராட்டப்படுவதும் ஆகஸ்டு மாதத்தில் பழிக்கப்படுவதும் இதனாலேயே.

தமிழ்நாட்டிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கோடையில் வறண்ட காற்று வீசும் உள்நாட்டுப் பகுதிகளில் இது நன்கு பயன்படும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கடற்காற்று ஈரம் மிக்கதாதலால் பயன் குறைவு. கடற்கரையில் வாழும் குடும்பத்துக்கு இப்பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடானது என்று சொல்லி வாங்கச் செய்வது நேர்மையாகாது.

வைக்கும் பொருளிலும் எல்லை உண்டு. கீரை, காய்கறி, பழம் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, குறுகிய காலத்துக்கு மட்டும் வைக்கலாம். 25 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் கிருமிகள் பெருகுவது நிற்பதில்லை. மீனும் இறைச்சியும் வைத்தல் ஆகாது. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க வேண்டுமாதலால், அவற்றை ஒருபோதும் மண்பெட்டியில் வைக்கக் கூடாது. நீரிழிவு நோய்க்குரிய இன்சுலின் மருந்தை வைப்பது பற்றி மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றே நடக்க வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஓர் ஊரில் மண்பெட்டி பயன்படுமா என்பதை அறிய, அதை வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு உஷ்ணமானிகள் போதும். ஒன்றை அப்படியே நிழலில் தொங்கவிடுக. மற்றொன்றின் குமிழை மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, துணியைச் சுத்தமான நீரில் நனைத்து, முதலாவதன் அருகே தொங்கவிடுக. ஐந்து நிமிடம் விசிறியால் வீசியபின் இரண்டையும் படித்துக் குறித்துக்கொள்க. ஈரக் குமிழ் காட்டும் உஷ்ணநிலையே மண்பெட்டியின் கீழ் எல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து டிகிரிக்கு மேல் இருந்தால் பெட்டி நன்கு பயன்படும். ஐந்து டிகிரிக்குக் கீழ் இருந்தால் அப்பருவத்தில் அதனால் பயனில்லை எனக் கொள்ளலாம்.

ஆசிரியர்கள் இச்சோதனையை மாதம் ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணியளவில் மாணவரைக் கொண்டு செய்து, ஓராண்டுக்குப் பதிவு செய்து வைத்தால், தம் ஊரில் எந்தெந்த மாதத்தில் மண்பெட்டி உதவும் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று கிடைக்கும். அது அவ்வூர் மக்களுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டிலும் பயன் தரும்.

மற்றொரு சோதனையும் செய்யலாம். ஒரே கட்டிலிருந்து எடுத்த கீரையை 200 கிராம் வீதம் இரு பங்காக்கி, ஒன்றை இரட்டைப் பானைக்குள்ளும் மற்றொன்றைக் கூடையிலும் வைக்க வேண்டும். மூன்று நாள் காலையில் எடை பார்த்து வந்தால், இழந்த எடை எவ்வளவு என்பதை மாணவரே கணக்கிட்டு அறிவர். மெருகிட்ட ஜாடி ஒன்றையும் மெருகிடாத பானை ஒன்றையும் நீர் நிரப்பி அருகருகே வைத்தால், நுண்துளைகளின் பங்கும் விளங்கும்.

பேணும் முறை

மண்பெட்டியைக் காற்றோட்டமுள்ள நிழலில், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். மூடிய அறையில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள காற்று விரைவில் ஈரமாகிக் குளிர்ச்சி குறையும். உப்பு நீர் ஊற்றினால், நீர் ஆவியான பின் உப்பு நுண்துளைகளில் தங்கி வெண்மையாகப் படியும். நாளடைவில் துளைகள் அடைபடும். ஆகையால் இயன்றவரை நன்னீரையே பயன்படுத்தி, வெளிச்சுவரை அவ்வப்போது நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்புப் பயன்படுத்தலாகாது. வாரம் ஒருமுறை பொருள்களை வெளியே எடுத்து, உட்புறத்தைக் கழுவி உலர்த்தினால் பூஞ்சை தோன்றாது. நீர் தேங்கிய இடத்தில் கொசு முட்டையிடாதவாறு தொட்டியை மூடி வைத்தலும் அவசியம். நீருக்கே தட்டுப்பாடு உள்ள ஊரில், நாள்தோறும் ஆவியாகும் நீரையும் செலவாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஊரிலுள்ள கண்டுபிடிப்பாளரும் நம் கடமையும்

ஆவியாதலின் தத்துவம் நூல்களில் உள்ளது. மண்பானை பல்லாயிரம் ஆண்டு பழையது. மன்சுக்பாய் செய்த புதுமை, மண்ணின் இயல்பைக் கை அறிந்த ஒருவர், சமையலறையின் தேவையைக் கண் அறிந்து, இரண்டையும் இணைத்ததில் அடங்கியுள்ளது. இத்தகையோர் பலர் நம் ஊர்களில் அறியப்படாமல் இருக்கக்கூடும். பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் அகமதாபாதில் தொடங்கிய ‘தேனீ’ இயக்கம் இவர்களைத் தேடிச் செல்வதையே பணியாகக் கொண்டது. தேனீ மலருக்குத் தீங்கு செய்யாமல் தேனெடுப்பதுபோல், அறிவைத் தந்தவருக்கு இழப்பின்றி அதனைப் பரப்ப வேண்டும் என்பது அதன் கொள்கை. அதன் வழியில் 2000-ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க நிறுவனம் உருவாயிற்று. அது மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையைச் சார்ந்தது. டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் 2015-ஆம் ஆண்டு நடந்த புத்தாக்க விழாவில் இத்தகைய எளியோரின் சாதனங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

களப்பணியாளர் ஒருவர் தம் வட்டாரத்தில் புதிய கருவியொன்றைக் கண்டால் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, செய்தவரின் பெயர், ஊர், செய்த காலம் ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அவர் இசைவின்றிக் கருவியின் அமைப்பை வெளியிடக் கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமை பெற வேண்டுமாயின் கண்டுபிடிப்புப் புதியதாக இருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அதன் விவரம் அச்சேறிவிட்டால் அவ்வுரிமையை அவர் இழக்க நேரிடலாம். நன்மை செய்யும் நோக்குடன் எழுதிய ஒரு பத்தியே அவருக்குத் தீமையாக முடியக்கூடும். மூன்றாவது, கருவியின் பயனைப் புகழ்வதற்கு முன் அதனை அளந்து பார்க்க வேண்டும். இங்கு விவரித்த இரண்டு உஷ்ணமானிச் சோதனை போன்ற ஓர் எளிய அளவீடு எந்தக் கருவிக்கும் பெரும்பாலும் இயலக்கூடியதே.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. மாணவரின் புதிய யோசனைகளைப் பள்ளிகள் வாயிலாகப் பெற்று ஊக்குவிக்கும் ‘இன்ஸ்பயர் மானக்’ என்னும் திட்டத்தை விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் நடத்துகின்றன. நல்ல யோசனை தோன்றுவதற்குப் பெரிய ஆராய்ச்சிக் கூடம் தேவையில்லை. தாய் நாள்தோறும் எந்த வேலையில் சிரமப்படுகிறாள், தந்தையின் விளைபொருளில் எது வீணாகிறது என்று உற்று நோக்கி, அதனை அளந்து குறித்துவரும்படி மாணவருக்குப் பணித்தல் நல்ல தொடக்கமாகும்.